சைலன்சர் குழாயின் சிறு கசிவு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏறும் கார்களில், சைலன்சர் குழாயில் விழுந்த சிறு துளையை வெறும் இரைச்சல் என்றே பலரும் பொறுத்துக்கொள்கின்றனர். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அதன் வழியே கசிந்து, குளிருக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காருக்குள் புகுந்தால், தலைவலியில் தொடங்கி உயிரையே பறிக்கக்கூடும்.

கசியும் இடத்தை அங்கே படிந்த கரியே காட்டிவிடும். குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் அடைப்பான கேஸ்கெட் பழுதாகியிருந்தால் அதை மாற்றலாம். துரு அரித்த துளையை, எஞ்சின் ஆறிய பின் சுரண்டி, வெப்பம் தாங்கும் பசையால் அடைக்கலாம். மலைப்பாதையின் சூட்டிலும் குலுக்கலிலும் அது நெடுநாள் நிற்காது என்பதால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வெல்டிங் செய்வதே முறை. புகைப் பரிசோதனை மையங்கள் இக்கசிவையும் பார்த்துச் சொல்லுமாறு போக்குவரத்துத் துறை அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.