ஏறிய பிறகு வாயிலைத் தேடலாமா?

ஐயா,

நிலத்தடி மெட்ரோ நிலையங்களின் பெயர்களையும் வாயில்களையும் பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். சென்னைக்காரர்களைவிட, எப்போதாவது போகும் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்குத்தான் இது பெரிய விஷயம். 'மண்ணடி' என்று அறிவித்தால் கீழக்கரைக்காரர் யோசிக்காமல் இறங்கிவிடுவார்; ஊரார் நாவில் புழங்கும் பெயர் அது. 'அரசினர் தோட்டம்' என்றால், ஓமந்தூரார் மருத்துவமனைக்குப் போகிற, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க்காரருக்கு என்ன விளங்கும்? 2020இல் சென்ட்ரல் மெட்ரோவின் பெயருக்கு முன்னால் எம்.ஜி.ஆர். பெயரைச் சேர்த்தார்கள். சரி, மரியாதை இருக்கட்டும். ஜனங்கள் இன்னும் 'சென்ட்ரல்' என்றுதான் கேட்கிறார்கள்.

பெயராவது பழகிவிடும், வாயில் அப்படியில்லை. நிலையம் சாலைக்கு அடியில் இருந்தாலும் படிக்கட்டுக்கும் லிஃப்டுக்கும் சாலையோர மனை வேண்டும். இடம் கிடைத்த பக்கம்தான் வாயில். அது புரிகிறது. ஆனால் சென்ற ஆண்டு, முழங்கால் வலியோடு இருந்த என் அம்மாவை ஒரு நிலையத்தில் மேலே ஏற்றிக் கொண்டுவந்த பிறகுதான், மருத்துவமனை எதிர்ச்சாரியில் என்று தெரிந்தது. கையில் எக்ஸ்ரே கவர், சாலை நடுவே இடுப்புயரத் தடுப்பு. திரும்ப இறங்கினோம். எங்கள் பக்கத்துப் பேருந்து நடத்துநர் 'மண்டபமா, மண்டபம் முகாமா?' என்று டிக்கெட் கிழிக்கும் முன்பே கேட்டுவிடுவார். மெட்ரோவின் இரண்டாம் கட்ட நிலையங்களிலாவது, எந்த வாயில் எந்த மருத்துவமனைக்கு, எந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு, லிஃப்ட் எதில் என்பதை நடைமேடையிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

– ஒரு வாசகர், கீழக்கரை