நோட்டு கொடுங்கள், படம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொஞ்ச நாளைக்கு முன் உங்கள் நாளிதழில் ஒரு படம் வந்தது. பெற்றோரை இழந்த மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கும் நிகழ்ச்சி. பின்வரிசையில் பெரியவர்கள், முன்வரிசையில் பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் நோட்டுக் கட்டு, அதை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கீழே பள்ளியின் பெயர், எந்த வகுப்பு என்கிற விவரம் வரைக்கும் இருந்தது. அந்த வரிசையில் நின்ற ஒரு பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரு சின்ன அறக்கட்டளையில் தன்னார்வலராக இருக்கிறேன். அந்த நிகழ்ச்சியை நடத்தியது நாங்கள் இல்லை. நாங்கள் மொத்தமே ஏழு பேர், ஆளுக்கொரு வேலையில் இருப்பவர்கள், அலுவலகம் என்று எதுவும் கிடையாது, ஒருவர் வீட்டு மாடியில் ஒரு இரும்பு அலமாரி, அதற்குள் 43 பிள்ளைகளுக்கு 43 ஃபைல். அந்தப் பெண்ணின் ஃபைல் நான்கு வருடமாக எங்களிடம் இருக்கிறது. படம் வந்த அன்று வகுப்பில் யாரோ அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். யாரும் கிண்டல் பண்ணவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் உட்காரும் தோழி மட்டும், "உங்க அம்மா வெளியூர்ல வேலை பாக்குறாங்கன்னுதானே சொன்ன?" என்று கேட்டிருக்கிறாள். இவள் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கும் போகவில்லை. நான்காவது நாள் பாட்டி போன் செய்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

அம்மா வெளியூரில் இருக்கிறாள் என்பது அந்தப் பிள்ளை நான்கு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த வார்த்தை. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தோடு பதினொன்றாக வகுப்பில் உட்கார்ந்திருக்க அவளுக்கு அது வேண்டியிருந்தது, யாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை, ஒரு படம் அதைப் பிடுங்கிக்கொண்டது.

உங்கள் நிருபர் மீதோ நிகழ்ச்சி நடத்தியவர்கள் மீதோ எனக்குக் கோபம் இல்லை. ஆரம்பத்தில் நாங்களும் இதையேதான் செய்தோம். பணம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேறு வழி தெரியாமல் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினோம், ஒரு பையன் படம் எடுக்கும்போதெல்லாம் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டே இருந்தான், அவனைக் கவனிக்க எங்களுக்கு மூன்று வருடம் ஆயிற்று. இன்றுவரை அது என் மனதை அறுக்கிறது.

நோட்டு கொடுப்பது சும்மா வேலை என்று சொல்லமாட்டேன், அது வேண்டும். ஆனால் பள்ளி திறக்கும் சமயத்தில் நோட்டு எல்லாப் பக்கமிருந்தும் வரும், ஒரே பிள்ளைக்கு மூன்று கட்டுகூட வந்து சேரும். அரையாண்டு தாண்டிவிட்டால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்போதுதான் ஷூ பிய்ந்திருக்கும், ஜியோமெட்ரி பாக்ஸ் தொலைந்திருக்கும், தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கியிருக்கும், வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் நாப்கின் இல்லாமல் மாதத்தில் சில நாள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், கேட்டால் தலைவலி என்பார்கள். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் இந்த நடு வருடத்தில்தான்.

ஒருமுறை ஷூ வாங்குவதற்காக எல்லாரிடமும் அளவு கேட்டோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்ன எண் அவன் காலைவிட இரண்டு அளவு பெரியது. ஏன்டா என்று கேட்டால், "அண்ணனும் போட்டுக்கலாம்ல" என்றான். அண்ணனுக்கு மதிய ஷிப்ட், இவன் பன்னிரண்டு மணிக்கு வந்து கழற்றிக் கொடுத்தால் அவன் மாட்டிக்கொண்டு ஓடுவான். அன்றிலிருந்து யாரிடமும் எண் கேட்பதில்லை, நூல் வைத்து அளக்கிறோம். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை நூலைப் பிடித்து அந்த இடத்தில் ஒரு முடிச்சு, மறுமுனையில் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு, அப்புறம் வீட்டில் இன்னும் எத்தனை கால்கள் இருக்கின்றன என்பதையும் அங்கேயே கேட்டுவிடுவோம்.

கண்ணாடி இன்னொரு விஷயம். 'மந்தம்' என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளை முதலில் கண் பரிசோதனைக்குத்தான் அழைத்துப்போகிறோம். பலகை தெரியாத பிள்ளை அது தெரியவில்லை என்று தானாகச் சொல்லாது, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். சீனாவின் கிராமப்புறப் பள்ளிகளில் இலவசமாகக் கண்ணாடி கொடுத்துப் பார்த்ததில் கணக்கு மதிப்பெண் கூடியது என்று 2014-ல் ஒரு மருத்துவ ஆய்வு வந்தது. ஆனால் கொடுத்த கண்ணாடியை எல்லாப் பிள்ளைகளும் போடவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. எங்களுக்கும் அதே அனுபவம்தான், அதனால் கொடுத்த பிறகு ஒரு மாதம் கழித்து யாராவது போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி வாங்குவது ஒரு நாள் வேலை, அது மூக்கில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வருட வேலை.

அப்புறம் காகிதங்கள். உதவித்தொகை இருந்தாலும் அதை வாங்க இறப்புச் சான்றிதழ் வேண்டும், பாதுகாவலர் யார் என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, மகளைப் பறிகொடுத்த துக்கத்தோடு, எந்த ஜன்னலில் போய் நிற்பார்? நாங்கள் கூடப் போகிறோம். பெற்றோர் கூட்டத்துக்கும் யாராவது ஒருவர் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறோம். தன் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து நிற்க ஒரு பெரியவர் இருக்கிறார் என்பதே சில பிள்ளைகளுக்குப் போதும்போல இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் வாசல் வரை கையைப் பிடித்துக்கொண்டே வருவார்கள்.

உங்கள் செய்தியில் 'அனாதைக் குழந்தைகள்' என்று போட்டிருந்தீர்கள். அந்த வார்த்தையே வேண்டாம் என்பேன், காது கூசுகிறது என்பதற்காக மட்டும் இல்லை. பல நேரம் அது உண்மையும் இல்லை. யுனிசெஃப் கணக்கில் தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்தாலே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். 2015-ல் உலகம் முழுக்க ஏறத்தாழ 14 கோடிப் பிள்ளைகள் என்று அவர்கள் மதிப்பிட்டதில், இருவரையுமே இழந்தவர்கள் சுமார் 1.5 கோடிப் பேர்தான். மற்றவர்களுக்கு ஓர் அம்மாவோ அப்பாவோ இருக்கிறார். இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் பாட்டியோ சித்தியோ மாமாவோ யாரோ ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவரிடம் பணம் மட்டும்தான் இல்லை.

பணம் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, குடும்பத்துக்குத்தான் கைகொடுக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், விடுதிகளில் வளர்ந்த 136 சின்னஞ்சிறு குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்கள் அறிவு வளர்ச்சியில் முந்திக்கொண்டார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். யாருமே இல்லாத பிள்ளைகளுக்கு இல்லங்கள் வேண்டும்தான், ராத்திரி பகல் பாராமல் உழைக்கும் பராமரிப்பாளர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பாட்டி இருக்கும்போது பாட்டி வீட்டுக்கு உதவுவதுதான் சரி. அதில் விழா நடத்த முடியாது, பலகை மாட்ட முடியாது, அதனால் அதற்குப் பணம் திரட்டுவது கஷ்டம்.

படம் அனுப்புவதை நிறுத்திய வருடம் இரண்டு நன்கொடையாளர்கள் விலகிக்கொண்டார்கள். "படம் இல்லாமல் நான் எப்படி நம்புவது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பில் நகல், தணிக்கை செய்த கணக்கு, எந்த வகுப்புப் பிள்ளைக்கு என்ன வாங்கினோம் என்று பெயர் இல்லாத ஒரு பட்டியல், இத்தனையும் தருகிறோம், வேண்டுமானால் அலமாரி இருக்கும் மாடிக்கு வந்து கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் இல்லை என்றுதான் சொல்வோம். அப்படிக் கேட்ட பிறகும் இருக்கிறவர்கள்தான் இன்று எங்களைத் தாங்குகிறார்கள், பெரும்பாலும் மாதாமாதம் சின்னத் தொகை தருகிறவர்கள். ஒரே தடவையில் வரும் பெரிய தொகையைவிட எனக்கு அது பெரிது. ஏனென்றால் ஒன்றாம் வகுப்பில் எடுத்த பிள்ளையை எட்டாம் வகுப்பில் பாதியில் விட்டுவிட முடியாது, பன்னிரண்டு வருடத்துக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் புது ஃபைல் போடுகிறோம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். உதவி செய்கிறவர்களைப் பற்றி நிறைய எழுதுங்கள், அவர்கள் படத்தைப் பெரிதாகவே போடுங்கள், பார்த்து இன்னும் நாலு பேர் வருவார்கள். வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளின் முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், முகத்தை மறைத்துவிட்டுப் பள்ளியின் பெயரைப் போடுவதும் வேண்டாம், அந்தப் பள்ளியில் எல்லாருக்கும் யார் என்று தெரிந்துவிடும். பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தோம் என்று சொல்வார்கள். கையில் நோட்டுக் கட்டைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16-வது பிரிவு குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது, அது பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் பெண் இப்போது பள்ளிக்குப் போகிறாள். வேறு இடத்தில் மாறி உட்கார்ந்திருக்கிறாள் என்று வகுப்பாசிரியை சொன்னார். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் அறக்கட்டளையின் பெயரையும் போடாதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டே யாராவது அவளிடம் வந்துவிடலாம், அதற்காகவே இங்கே சில விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறேன். படம் வந்த தேதியும் பக்கமும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அது உங்கள் பார்வைக்கு மட்டும். உங்கள் இணையப் பதிப்பில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர்