நீ நலமாக இருப்பதாக

நாகப்பட்டினம்,
8 ஜூலை 2023.

அன்பு மகளுக்கு,

நீ நலமாக இருப்பதாகத் தம்பி சொன்னான். சென்ற மாதமும் அவன்தான் சொன்னான். மே 14 அன்று மோக்கா புயல் கரையைக் கடந்த பின், அன்றிரவு நீயே இரண்டு வரி அனுப்பியிருந்தாய்; அதன் பிறகு உன்னைப் பற்றி எனக்குக் கிடைப்பதெல்லாம் அயற்கூற்றாகவே இருக்கிறது. ரோஹிங்கியா அகதிகள் முகாமில் உனக்கு நிவாரண வேலை மிகுதி என்பதை அறிவேன். நீ இருக்கும் வங்கதேசத்தில் டெங்கு பரவுவதாகச் செய்தித்தாளில் படித்தேன். கொசுவலை இல்லாமல் உறங்காதே. தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடி.

என் மாலை ஆங்கில வகுப்புக்கு இந்த ஆண்டு பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். ராமன் சீதையிடம் சொன்னான் என்ற பழைய வாக்கியங்கள் எனக்கே சலித்துவிட்டதால், உன் வேலையையே பாடமாக எடுத்து, நிவாரணச் சொற்களைக் கொண்டு அயற்கூற்று நடத்துகிறேன். எல்லை கடந்து ஓடிவந்தவர் 'ரெஃப்யூஜி', சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்து அலைபவர் 'இன்டர்னலி டிஸ்ப்ளேஸ்டு' என்றும், நாம் இருவரையும் அகதி என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது தவறு என்றும் எனக்குத் திருத்திச் சொன்னவள் என் மகள் என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். அந்த மகள் தொலைபேசியில் பேசி எட்டு வாரம் ஆகிறது என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

தமிழில் 'என்று' போட்டால் போதும், சொன்னவருடைய சொல் குலையாமல் நின்றுவிடும். ஆங்கிலத்தில் 'நான்' என்பது 'அவள்' ஆகிறது, 'இங்கே' என்பது 'அங்கே' ஆகிறது, 'இன்று' என்பது 'அன்று' ஆகிறது, வினை ஒரு படி பின்னுக்குப் போகிறது. 'எங்களுக்கு இன்று பசிக்கிறது' என்பதை மாற்றச் சொன்னேன். மாற்றி எழுதிய பையன், "அப்படியென்றால் அவர்களுடைய பசி அன்றோடு போய்விட்டதா, சார்?" என்று கேட்டான். இன்னும் தொடரும் நிலையானால் நிகழ்காலத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று விதியைச் சொல்லிக் கடந்துவிட்டேன்.

அங்கே ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுப்பங்கீடு மார்ச்சில் 10 ஆகவும், ஜூனில் 8 ஆகவும் குறைந்ததைப் படித்தேன். அதை முகாமில் இருக்கும் பெண்களிடம் போய்ச் சொல்ல வேண்டியவர்களில் நீயும் ஒருத்தியா என்று நான் கேட்கவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று மட்டும் சொல்கிறேன்.

2005 ஜனவரியில் அக்கரைப்பேட்டைக்கு உன்னையும் அழைத்துச் சென்றது உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பத்து வயது. சுனாமி அலைக்குப் பிறகு உன் அம்மா உன்னை வீட்டில் தனியே விட மறுத்த நாட்கள் அவை. வெளிநாட்டுத் தொண்டர்களுக்கு மொழிபெயர்க்க ஆங்கில வாத்தியார் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், எனக்கும் அதில் ஒரு மிதப்பு இருந்தது. சாலையோரம் குவிந்து கிடந்த பழந்துணிகளைக் காட்டி ஒரு மீனவப் பெண், "இதை நாங்க கேட்டோமா? எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. படகும் வலையும் இல்லாம எங்க வீட்டுக்காரர் எத்தனை நாளைக்குக் கையேந்துவார்?" என்றாள். நான் தொண்டர்களிடம் திரும்பி, துணிகளுக்காக அவள் நன்றி சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. அவர்கள் மகிழ்ந்து அவளைக் கும்பிட்டார்கள். அவள் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

திரும்பும்போது பேருந்தில், "அந்த அக்கா நன்றி சொல்லலியே அப்பா" என்றாய். பெரியவர்கள் பேச்சில் தலையிடாதே என்று அதட்டினேன். அந்த வாக்கியத்துக்கு இத்தனை ஆண்டுகளாக நான் பதில் சொல்லவில்லை. நீ சரியாகத்தான் கேட்டிருந்தாய், அம்மா. அவள் நன்றி சொல்லவில்லை. விருந்தாளிகளின் மனம் நோகுமே என்று அஞ்சினேன் என எனக்கு நானே சொல்லிக்கொண்டதுகூடப் பொய். மறுநாளும் என்னைக் கூப்பிட வேண்டும் என்று விரும்பினேன்.

நீ என்ன சொன்னாய் என்று தம்பியை இரண்டு முறை கேட்டுவிட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னாள் என்கிறான். அவனும் என்னிடம் இலக்கணம் படித்தவன்தான்.

கொசுவலையை மறக்காதே.

அன்புடன்,
அப்பா