ஆறாவது பாசி

அன்பு மகள் வள்ளிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி பேச்சு பாதியில் இருக்கும்போதே டவர் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நீ கேட்டதற்குப் போனில் பதில் சொன்னால் உளறிவிடுவேன் என்று தெரியும். அதனால் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை மூன்று முறை பார்த்தேன். சாதாரண வகையான ஹீமோகுளோபின் ஏ 57 சதவீதம், அரிவாள் வகையான எஸ் 38 சதவீதம். "எனக்கு அரிவாள் செல் நோயாப்பா?" என்று கேட்டாய். இல்லை கண்ணு. நீ கேரியர், அதாவது எஸ்ஸை அம்மா அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வாங்கியவள், அவ்வளவுதான். இருவரிடமிருந்தும் வாங்கினால்தான் நோய். கேரியர் வேறு, நோயாளி வேறு. எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என் தப்பு ஒன்று. லேப்பில் 28 வருஷம் ஊரார் விரலையெல்லாம் குத்தினேன், நம் வீட்டு விரலைக் குத்தத் தோன்றவில்லை. இந்தியாவில் இந்த எஸ்ஸை முதன்முதலாகக் கண்ட இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று. மலை மக்களின் ரத்தத்தில் பார்த்ததாக லேமன், கட்புஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1952-லேயே எழுதிவிட்டார்கள். அதைப் படித்துத்தான் வேலைக்கே வந்தேன். படித்து என்ன பிரயோஜனம்!

நான் சேர்ந்த புதிதில் எங்களிடம் இருந்தது ஸ்லைடு டெஸ்ட் மட்டும். ஒரு சொட்டு ரத்தம், ஒரு சொட்டு சோடியம் மெட்டாபைசல்பைட். அந்தக் கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும், பழசு வேலை செய்யாது. மேலே கவர் ஸ்லிப்பை வைத்து, ஓரத்தில் வாஸ்லின் பூசிக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவோம். உள்ளே இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வட்டமாக இருந்த செல்கள் கூர் நீண்டு, கதிர் அறுக்கிற அரிவாள் போல வளைந்து கிடக்கும்.

இதில் ஒரு பெரிய குறை. நோயாளியின் ரத்தமும் வளையும், உன்னைப் போன்ற கேரியரின் ரத்தமும் வளையும். உடம்புக்குள் சாதாரணமாக நடக்காத அளவுக்கு மூச்சை முட்டவைத்துப் பார்க்கிற சோதனை அது. கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணுக்கு "பாசிட்டிவ்" என்று எழுதிக் கொடுத்தேன். கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சீட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது, கல்யாணம் நின்றது. பிற்பாடு ஏ, எஸ் இரண்டையும் மின்சாரத்தால் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸில் பார்த்தால் அவள் கேரியர்தான். இதை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

சரி, செல் ஏன் வளைகிறது? ஹீமோகுளோபின் ஒரு புரதம். புரதத்தைப் பாசிமாலை என்று வைத்துக்கொள். பாசி என்றால் அமினோ அமிலம், அதில் 20 வகை. எதற்குப் பின்னால் எது என்கிற வரிசையைப் பொறுத்து மாலை தானாகவே சுருண்டு மடங்கி ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். 141 பாசி உள்ள ஆல்ஃபா மாலை இரண்டு, 146 பாசி உள்ள பீட்டா மாலை இரண்டு, நான்கும் சேர்ந்த உருண்டைதான் ஹீமோகுளோபின். ஒரே ஒரு சிவப்பணுவில் இப்படிச் சுமார் 27 கோடி உருண்டைகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. தேர்க் கூட்டம்தான், ஆனாலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விலகிப் போய்விடும், பிடித்துக்கொள்ளாது.

எஸ்ஸில் பீட்டா மாலையின் ஆறாவது பாசி மட்டும் வேறு. குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். இரண்டு ஹீமோகுளோபினுக்கும் மின்சுமை வேறு என்று லைனஸ் பாலிங் குழு 1949-ல் காட்டியது. கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தாளில் பரப்பிப் பார்த்து, 1957-ல் மாறிப்போன அந்த ஒரு பாசி எது என்று பிடித்துவிட்டார். குளுட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டும். வேலினுக்கு எண்ணெய்க் குணம். ரசத்தில் மிதக்கிற எண்ணெய்ப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளுமே, அந்தக் குணம்.

எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இதுதான். வேலின் வந்ததால் உருண்டை உருக்குலைந்து போவதில்லை. ஆக்சிஜனை ஏற்றும், இறக்கும், தன் வேலையைப் பார்க்கும். பக்கத்து உருண்டையோடு சேரும்போதுதான் வம்பு. ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபினின் வடிவம் லேசாக மாறும். அப்போது அதன் மேல்புறத்தில் எண்ணெய்க் குணமுள்ள ஒரு சின்னக் குழி திறக்கும். இந்த உருண்டையின் வேலின் அந்த உருண்டையின் குழியில் பிரஸ் பட்டன் மாதிரிப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதோடு இன்னொன்று, அதோடு இன்னொன்று என்று கோத்து, 14 இழை முறுக்கிய கயிறாகி, செல்லை உள்ளேயிருந்து நெட்டித் தள்ளும். விறைத்துப்போன செல் மெல்லிய ரத்தக் குழாயில் சிக்கினால் வலி வரும். 120 நாள் இருக்க வேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் உடைந்துவிடும். இது தெரியாமல், "ரத்தம் கம்மி" என்று இரும்புச் சத்து மாத்திரையாகவே விழுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உன் ரத்தத்துக்கு வருவோம். கயிறு எடுத்த எடுப்பில் திரிந்துவிடாது. முதல் சில உருண்டைகள் கூடத்தான் நேரம் பிடிக்கும், கூடிவிட்டால் அப்புறம் மளமளவென்று நடக்கும். உன் செல்லில் எஸ்ஸை விட ஏ அதிகம். ஏவிடமும் குழி உண்டு, அடுத்ததில் போய் மாட்ட வேலின் கிடையாது. ஏ நடுநடுவே நிற்பதால் எஸ்ஸுக்கு எஸ் அகப்பட வெகுநேரம் ஆகிறது. அதற்குள் செல் நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளும், குழியும் மூடிக்கொள்ளும். நோயோடு பிறக்கிற குழந்தைக்கும் முதல் சில மாதம் ஒன்றும் தெரியாது. கருவில் இருக்கும்போதே உள்ள எஃப் வகை ஹீமோகுளோபின் இந்தக் கயிற்றில் சேராது என்பதுதான் காரணம். ஹைட்ராக்சியூரியா மாத்திரை கொடுப்பதும் பெரும்பாலும் அந்த எஃப்பைக் கூட்டத்தான்.

"யார் விட்ட சாபமோ" என்கிறாள் உன் அம்மா. கேரியர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று அலிசன் என்ற ஆராய்ச்சியாளர் 1954-லேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் பார்த்து எழுதினார். கூடலூர், வயநாடு எல்லாம் ஒரு காலத்தில் காய்ச்சல் காடு. நம் பாட்டன் பூட்டன் அதில் பிழைத்ததற்கு இந்த எஸ்ஸும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மாப்பிள்ளையும் டெஸ்ட் எடுக்கட்டும். வெட்கப்படாமல் நீயே சொல்லிவிடு. நீ சொல்லத் தயங்கினால் நான் பேசுகிறேன், இந்தத் தடவை முழுசாகவே விளக்குவேன். அவரும் எஸ் கேரியர் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படி வந்தாலும் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை, கருவிலேயே பார்க்க வழி இருக்கிறது, டாக்டரிடம் பேசலாம். எஸ் இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதே. ரிப்போர்ட்டில் ஏ2 என்கிற இன்னொரு வகை ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கச் சொல், அது கூடுதலாக இருந்தால் பீட்டா தலசீமியா கேரியராக இருக்கலாம். பீட்டா மாலை போதுமான அளவு உருவாகாத பரம்பரைக் குறை அது. அவர் அந்தக் கேரியராக இருந்தாலும் இதே நாலில் ஒரு பங்கு கணக்குதான். பல பேர் பார்க்காமல் விடுகிற வரி அந்த ஏ2.

அப்புறம் அந்த லடாக் பயணம். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவு உயரத்தில் கேரியருக்கும் எப்போதாவது மண்ணீரலில் அடைப்பு வருவதுண்டு. டாக்டரைப் பார்த்துவிட்டுப் போ, தண்ணீர் நிறையக் குடி, இடது விலாவுக்குக் கீழே வலித்தால் உடனே கீழே இறங்கிவிடு.

வியாழக்கிழமை நானும் அம்மாவும் ரத்தம் கொடுக்கப் போகிறோம். உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அப்போது தெரிந்துவிடும். அவள் இப்போதே என்னைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா