சமையல்காரன் கையில் கோடரி: சுங்கை சிப்புட் கணினி ஆட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டிக் காக்கும் டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் கணினி ஆட்டத்தில் ஒரே கோட்டையை ஆளுக்கு ஓர் ஆட்ட வருடம் என்று நீங்கள் மாற்றி மாற்றி நடத்துவதை ஆரம்பத்திலிருந்தே பார்த்து வருகிறேன். இப்போது புதிதாக ஒரு விதி போடப்போகிறீர்களாம். எதிரிகளான கோப்ளின் பூதங்களின் படை வந்தால் கோட்டையிலுள்ள அத்தனை குள்ளர்களுக்கும் ஆயுதம் கொடுத்து வாசலுக்கு அனுப்புவதாம். வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

போன முற்றுகையையே எடுத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர், கல்தச்சர், சாராயம் காய்ச்சுகிறவர் என்று எல்லாரையும் ஒரே நேரத்தில் அணியில் சேர்த்தீர்கள். எல்லாரும் ஒரே கவசக் குவியலுக்கு ஓடினார்கள். ஒருவருக்குத் தலைக்கவசம் கிடைத்தது, காலணி கிடைக்கவில்லை. அதைத் தேடி அடிமட்டக் கிடங்குக்கு இறங்கிவிட்டார். வாசலில் தூக்குப்பாலம் இறங்கியே கிடந்தது. அதைத் தூக்கும் விசை சாப்பாட்டுக் கூடத்தில், ஆனால் இழுக்க ஆளில்லை. படைக் கட்டளையில் நிற்கும் குள்ளர் வேறு எந்த வேலையையும் தொடமாட்டார், ஆட்டம் அப்படி. எல்லாரையும் வீரராக்கிய அந்த நொடியே கதவைச் சாத்த ஒருவரும் மிஞ்சவில்லை.

குடிமக்களுக்கு ஆயுதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பயிற்சியைச் சமாதான காலத்திலேயே கொடுங்கள் என்கிறேன். ஓர் அணியில் பத்துப் பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காகப் பத்தையும் நிரப்ப வேண்டாம். பெரிய அணியில் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் வந்து சேரட்டும் என்று காத்திருந்தே பாதி மாதம் போய்விடும். இரண்டு மூன்று பேராகப் பிரித்தால் சீக்கிரம் மோதிப் பழகுவார்கள். அட்டவணையில் மாதம் விட்டு மாதம் பயிற்சி வைக்க வசதி இருக்கிறது. தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து, பிரித்து, ரப்பர் மர நிரைக்கு அனுப்புகிற மாதிரி, இந்த மாதம் ஒரு பாதி, அடுத்த மாதம் மறுபாதி என்று அனுப்புங்கள். மற்ற நாட்களில் அவரவர் தொழிலைப் பார்க்கட்டும். 1972-இல் தொடங்கிய நம் மலேசியத் தொண்டர் படையான ரேலாவிலும் பலர் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே தொண்டு செய்கிறவர்கள்தானே?

சுரங்கம் தோண்டுகிறவர்களை மட்டும் அணியில் சேர்க்காதீர்கள். படைச் சீருடையும் தொழில் கருவியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், பிக்கை, அதாவது தோண்டும் குந்தாலியை, போடுவதும் எடுப்பதுமாகவே பொழுது போகும். பிக்கால் சண்டை போடும்போது தோண்டும் திறமையே கைகொடுக்கும் என்பதால், பழுத்த சுரங்கக்காரர் எந்தப் பயிற்சியும் இல்லாமலே கோப்ளினுக்கு எமன்.

ஆயுதத்தைவிட அபாய மணிதான் எனக்கு முக்கியம். சாப்பாட்டுக் கூடம், கிணறு, சாராயக் கிடங்கு, பாலத்து விசை நான்கையும் ஒரே அடைக்கலப் பகுதிக்குள் கொண்டுவாருங்கள். மணி அடித்ததும் அணியில் இல்லாதவர்கள் அங்கே போய் அடைந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாசலுக்கு வெளியே செத்தவன் காலுறையை எடுக்க ஒருவர் போவார், அவருடையதை எடுக்க இன்னொருவர் போவார். இந்தக் காலுறைப் பைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்காத ஆட்டக்காரர் உண்டா?

இதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தின் இந்தச் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவரைக் கம்யூனிஸ்ட் போராளிகள் சுட்டதும் மலாயாவில் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. தோட்டங்களுக்கு எஸ்.சி. எனப்பட்ட சிறப்புக் காவலர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். ஆனால் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் வேலை நிற்கவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை ஒன்றுசேர்த்துக் கம்பி வேலி போட்டார்கள், ஊரடங்கு வைத்தார்கள், காட்டிலிருந்த போராளிகளுக்குப் போய்விடக் கூடாதென்று பல இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக்கூடத் தடை. அந்த வேலிக்குள் வாழ்ந்தவர்களுக்கு அது பாதுகாப்பு மட்டுமா, சிறையுமா என்பது வேறு பேச்சு. உங்கள் குள்ளர்களையும் மாதக்கணக்கில் உள்ளே பூட்டி வைக்காதீர்கள். எதிரி போனதும் மணியை நிறுத்துங்கள்.

ஆகவே அந்த விதியை எடுத்துவிட்டு, வருடப் பொறுப்பை ஒப்படைக்கும்போது மூன்று விஷயங்களை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். எந்த அணி எந்த மாதம் பயிற்சியில் இருக்கிறது, அடைக்கலப் பகுதி எது, எந்த விசை எந்தப் பாலத்துக்கு. போன தடவை விசைக்குப் பெயர் வைக்காமல் போனது யார் என்று நான் கேட்கமாட்டேன். அடுத்த வருடத்தை எடுக்கப்போகிறவர் முதலில் அதைச் சரிபார்த்துவிட்டு ஆடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் ஓர் அண்ணன்,
சுங்கை சிப்புட்