மினரல் வாட்டர் போத்தலில் ஹார்ட்னர் விற்பதை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபைபர் படகு பழுதுபார்க்கும் ரெசின் என்ற பிசினையும், அதை இறுகச் செய்யும் ஹார்ட்னர் என்ற திரவத்தையும் சில்லறையாக விற்கும் கடைகளைப் பற்றி எழுதுகிறேன். பினாங்கில் தீவுப் பக்கமும் இருக்கின்றன, இங்கே பெருநிலப் பக்கமும் இருக்கின்றன. ரெசினைத் தகர டின்னில் ஊற்றித் தருகிறார்கள், சரி. ஹார்ட்னரை எதில் தருகிறார்கள் தெரியுமா? யாரோ குடித்துப் போட்ட மினரல் வாட்டர் போத்தலில். மலையும் அருவியும் போட்ட அந்தப் பழைய தாளைக்கூடச் சில கடைகளில் உரிப்பதில்லை. இந்த வழக்கம் நிற்க வேண்டும். படகு வேலை பார்க்காதவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இடைநிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். லேபல் இல்லாத போத்தல் மேசையில் இருந்தால் எனக்குக் கை நடுங்கும், அப்படிப் பழகிவிட்டது. என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். இரும்பு வேலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஃபைபர்தான் புதிது. அவருடைய அண்ணன் முட்டிவலியால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். அவருடைய பதினேழு அடிப் படகு கோலா மூடா பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கவிழ்ந்து கிடந்தது. அதை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் கார் போர்ச்சில் இறக்கினார்கள். கார் அன்றிலிருந்து தெருவில்தான் நிற்கிறது.

படகைப் பார்த்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "இது போச்சு, கொளுத்திப் போடுங்க." கரையோரத்தில் அப்படிக் கொளுத்தவும் செய்கிறார்கள். கரும்புகை போகிற தூரத்துக்குப் போகும், கண்ணாடி இழை எரியாமல் மணலிலேயே கிடக்கும். திறந்த வெளியில் எரிப்பது மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம் என்பது அப்புறம்.

உண்மையில் படகு போகவில்லை. பக்கத்து வீட்டு பாக் சிக் பழைய மீனவர். அவர் ஒரு சிறிய சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியால் படகைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். பக்கவாட்டில் எல்லாம் டக் டக் என்று கெட்டியான சத்தம். இன்ஜின் மாட்டும் பின்பலகைக்கு வந்ததும் சத்தம் செத்துவிட்டது. "இங்கேதான் நோய், மற்றதெல்லாம் நல்லா இருக்கு" என்றார். உள்பக்க ஃபைபர் தோலை அறுத்துப் பார்த்தால், நடுவே வைத்திருந்த பிளைவுட் ஊறிய புளி மாதிரி கையோடு வந்தது. கண்ணாடி இழையும் ரெசினும் மக்காது, அதற்குள் வைக்கிற மரம்தான் மக்கும். இன்ஜின் போல்ட்டுக்கும், தண்ணீர் வடியும் அடைப்பானுக்கும் ஓட்டை போட்டவர்கள் அந்த ஓட்டையின் உள்சுவரை மூடாமல் விட்டிருக்கிறார்கள். கடல் நீர் அது வழியாகத்தான் மரத்துக்குள் போயிருக்கிறது.

என் வீட்டுக்காரர் இந்த முறை செய்ததை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். போல்ட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிய ஓட்டையாகத் துளைத்து, அதை எபோக்சி என்ற கெட்டிப் பசையால் முழுக்க அடைத்து, இறுகியதும் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தார். இப்போது போல்ட்டைச் சுற்றி எபோக்சி மட்டும்தான். நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

தைப்பூசத்தை ஒட்டி நம் பக்கம் நன்றாகக் காயும். அந்த வெயிலில் படகைத் திறந்தபடி காயப் போட்டோம், ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. அப்புறம் கிரைண்டர் வேலை. பழைய தோலும் புதிய தோலும் சேரும் இடத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் சரிவு என்பது கணக்கு. அந்தத் தூசு இருக்கிறதே! கழுத்துப் பட்டைக்குள் போனால் ராத்திரி தூக்கம் கிடையாது. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகக்கவசம், சுற்றிலும் ஈரக் கேன்வாஸ். பக்கத்து வீட்டில் துணி காயப் போடாத நேரமாகப் பார்த்துத்தான் கிரைண்டரைப் போட விட்டேன். பாக் சிக்கின் மனைவி இன்னும் எங்களோடு பேசுகிறார் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

இழை ஒட்டுகிற வேலை எனக்குப் பிடித்த வேலை. 450 கிராம் மேட் என்று விற்பது, சதுர மீட்டருக்கு அவ்வளவு எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு; வெள்ளையாக, அட்டை போல விறைப்பாக இருக்கும். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டதும், இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை கரைகிறது. விறைப்பு போய், வெள்ளை போய், மேட் அப்படியே கண்ணாடியாகிப் படகின் வளைவில் படிந்துவிடும். எங்காவது வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது என்று அர்த்தம், ரோலரால் ஓட்டி வெளியேற்ற வேண்டும். மேட்டின் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும்.

இனி ஹார்ட்னருக்கு வருகிறேன்.

ரெசின் தானாக இறுகாது. ஒரு கிலோ ரெசினுக்குப் பத்திலிருந்து இருபது கிராம் வரை ஹார்ட்னர் சேர்க்க வேண்டும். நம் ஊர் வெப்பத்துக்குக் கீழ் அளவே போதும். மதியத்தில் கூட்டிவிட்டால் பாதி வேலையில் வாளியிலேயே கட்டிப்பட்டுப் புகை கக்கும். கடையில் கேட்டால் "ஒரு மூடி ஊத்துங்க" என்கிறார்கள். எந்தப் போத்தல் மூடி? மூடிக்கு மூடி அளவு மாறுமே. அளந்து ஊற்ற மருந்தகத்தில் ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஹார்ட்னரின் பெயர் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. நிறமே இல்லை, பார்க்கத் தண்ணீர்தான். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வை போகலாம். உடனே ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேராக மருத்துவமனை. குடித்துவிட்டால் வாயும் தொண்டையும் வயிறும் வெந்துபோகும். எளிதில் தீப்பிடிக்கும். தூரிகை கழுவும் அசிட்டோனோடு சேரக் கூடாது.

அதைவிட மோசம் கோபால்ட். ரெசினை வேகமாக இறுகச் செய்யும் ஊதா நிறத் திரவம் அது. பெரும்பாலும் ரெசினிலேயே கலந்து வரும், ஆனால் தனியாகவும் விற்கிறார்கள், அதுவும் இதே மாதிரிப் போத்தலில். கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றினால் வெடித்துத் தீப்பிடிக்கும். இரண்டு போத்தலிலும் எழுத்து இல்லை, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள் என்றால் என்ன சொல்வது?

இன்னொன்றும் உண்டு, இது கடைக்காரர்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஹார்ட்னர் சும்மா வைத்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவை விடும். அதனால்தான் தொழிற்சாலையிலிருந்து வரும் கேனின் மூடியில் வாயு வெளியேற வழி வைத்திருப்பார்கள். மினரல் வாட்டர் போத்தலின் மூடி இறுக்கமானது. வெயில் படும் இடத்தில் வைத்த போத்தல் வயிறு ஊதி நிற்பதை நானே ஒரு கடை அலமாரியில் பார்த்தேன். கல்லாவில் இருந்த பையனிடம் காட்டினேன். "ஆன்ட்டி, எல்லாரும் இப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க, ஒண்ணும் ஆகல" என்று சொல்லி, மூடியைத் திருகிக் காற்றைத் திறந்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தான். முகத்தில் கண்ணாடிகூட இல்லை.

நாங்கள் படகு செய்வதைப் பார்த்து எங்கள் தாமான் குடியிருப்பில் இன்னொரு தம்பியும் ஒரு பழைய படகு வாங்கினார். நல்ல உழைப்பாளி, தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து வேலை செய்வார். ஒரு நாள் சாயங்காலம் அவர் படகுக்குள் குனிந்து ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தார், நான் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேன். மகளிடம் தண்ணீர் கேட்டார். அது ஆறு வயதுக் குழந்தை, ஓடிப்போய் ஸ்டூல் மேல் இருந்த போத்தலை எடுத்து நீட்டியது. அவரும் தலையைத் தூக்காமலே வாங்கி மூடியைத் திருகிவிட்டார். வாடை வந்ததும்தான் நிறுத்தினார். தண்ணீர்ப் போத்தல் அதே ஸ்டூலில், ஒரு சாண் தள்ளி, அதே நீல மூடியோடு இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழந்தையைத் திட்ட வாயெடுத்தவரை நான் தடுத்தேன். அந்தக் குழந்தை தண்ணீர் என்று எழுதியிருந்த போத்தலைத்தான் கொண்டுவந்தது.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு சின்னப் படகுக்குக் கொஞ்சம் ஹார்ட்னர்தான் ஆகும். பெரிய கேனாகத்தான் விற்பேன் என்றால் வீட்டில் செய்பவர்கள் யாரும் வாங்க மாட்டார்கள். எனவே சில்லறையாக விற்கட்டும், அதை நான் தடுக்கச் சொல்லவில்லை. வாயு வெளியேறும் மூடியோடு கெட்டியான சிறு பிளாஸ்டிக் போத்தல்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. போத்தலும் ஸ்டிக்கரும் சேர்ந்து கூடுதலாகும் காசை எங்கள் தலையில் வைத்தாலும் பரவாயில்லை, தருகிறோம்.

வேலையிடங்களுக்கு விற்கப்படும் அபாய ரசாயனங்களில் மலாயிலும் ஆங்கிலத்திலும் லேபல் இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. கார் போர்ச்சில் வேலை செய்பவரை நினைத்து அது எழுதப்படவில்லை. செபராங் பிறை மாநகர் மன்றமும் பினாங்குத் தீவு மாநகர் மன்றமும்தான் கடைகளுக்கு உரிமம் தருகின்றன. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, உணவு, பானப் போத்தல்களில் ரசாயனம் ஊற்றி விற்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இது ஃபைபர் கடைக்கு மட்டுமல்ல. தின்னர், ஆசிட், பூச்சிமருந்து என்று நம் ஊரில் என்னென்னவோ குளிர்பானப் போத்தலில் கைமாறுகின்றன. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைக் கையில் எடுத்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

வாங்குபவர்களும் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலில் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். நான் அப்படித்தான் மூன்றாவது கடையில் வாங்கினேன். அந்தக் கடை முதலாளி, தவுக்கே, கேட்டவுடனே கேனிலிருந்து சரியான போத்தலில் ஊற்றி, மார்க்கர் பேனாவால் பெயரும் எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்த பிறகு மிச்ச ஹார்ட்னரை லோங்காங் சாக்கடையில் ஊற்றாதீர்கள், சமையலறை அலமாரியிலும் வைக்காதீர்கள். யாராவது எதையாவது தெரியாமல் விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். தேசிய விஷ மையம் நம் பினாங்கிலேயே, அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆனால் போத்தலில் இருந்தது என்ன என்று உங்களால் சொல்ல முடிந்தால்தான் அவர்களால் உடனே வழி சொல்ல முடியும்.

எங்கள் படகுக்கு இனி ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு அடிப்பது மட்டும்தான் பாக்கி. மாசி மகத்துக்குள் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும் என்று அண்ணன் நாள் குறித்துக்கொண்டிருக்கிறார், மழை விட வேண்டுமே.

ஹார்ட்னருக்கும் கோபால்டுக்கும் ஸ்டிக்கர் வாசகம் தமிழிலும் மலாயிலும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். தீச்சுவாலைப் படமும் கை அரிக்கும் படமும் போட்டு, "குடிநீர் அல்ல, கண்ணில் பட்டால் உடனே கழுவவும், ஹார்ட்னரும் கோபால்டும் நேரடியாகக் கலக்கக் கூடாது" என்று பெரிய எழுத்தில் இருக்கும். சீனத்தில் எழுதித் தர ஒருவர் கிடைத்தால் அதையும் சேர்த்துவிடுவேன். வேண்டும் என்கிற கடைக்காரர்கள் ஆசிரியர் வழியாகக் கேட்டால் அனுப்பிவைக்கிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பாகான் ஆஜாம், பட்டர்வொர்த்