பாதியில் நின்ற செமஸ்டரை முடித்துத் தந்தவர்களுக்கு

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில நாள்களில் எங்கள் வளாகமும் மூடியது. அந்த செமஸ்டரைக் கரைசேர்த்தவர்களுக்கு இந்த மடல். ரொம்பத் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினி மையத்தாரே, மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளம் பாடக்குறிப்புகளைப் போட்டுவைக்கும் பரண் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒரே வாரத்தில் அதை வகுப்பறையும் தேர்வுக்கூடமும் ஆக்கினீர்கள். எல்லாத் துறையும் ஒரே நேரத்தில் தேர்வு வைத்தால் சர்வர் படுத்துவிடும் என்று நீங்கள் சொன்னபோது எரிந்து விழுந்தவன் நான்தான்.

என் மாணவர்களுக்குத்தான் கடன் அதிகம். முதல் வாரம் ஒரு மணி நேரம் கேமரா முன் பேசித் தீர்த்தேன். பாதி வகுப்பிலேயே பாதிப் பேரைக் காணோம். அக்கறையில்லை என்று திட்டினேன். அன்றிரவு ஒரு மாணவி எழுதினாள்: "சார், வீட்டில் ஒரே போன், மூன்று பேர் படிக்கிறோம். உங்கள் வகுப்போடு அன்றைய டேட்டா தீர்ந்துவிடுகிறது." மறுநாள் அவளுடைய வகுப்புத் தோழர்கள் கணக்குப் போட்டே காட்டினார்கள். குரலை மட்டும் நொடிக்கு 32 கிலோபிட் அளவில் பதிந்தால் 20 நிமிடப் பேச்சு 5 எம்பிக்குள் அடங்கிவிடும். அதன்பிறகு குரல்பதிவும் கையெழுத்துக் குறிப்பின் படமும் வாட்ஸ்அப்பில் போயின. நேரலை, சந்தேகம் கேட்க மட்டும். 20 நிமிடத்தில் சொல்ல முடிந்ததை இத்தனை வருடம் ஏன் ஒரு மணி நேரம் இழுத்தேன் என்பது வேறு விஷயம்.

ஆய்வக உதவியாளர் அண்ணனுக்கு: ஒரு கையில் போன், மறு கையில் பியூரெட்டின் (கரைசலைத் துளித்துளியாக அளந்து விடும் கண்ணாடிக் குழல்) திருகைத் திருகிக்கொண்டே நீங்கள் எடுத்த டைட்ரேஷன் (கரைசலின் செறிவை அளக்கும் சோதனை) காணொளிகளில், வெளிர் இளஞ்சிவப்பில் நிறுத்த வேண்டிய கரைசல் அதைத் தாண்டி அடர்நிறமாகிப்போன ஒன்றும் இருந்தது. நீக்கிவிடலாமே என்றேன். "எல்லா ரீடிங்கும் சரியா இருந்தா பிள்ளைங்களுக்கு என்ன சார் வேலை?" என்றீர்கள். அந்தத் தப்பான அளவைக் கண்டுபிடித்து எழுதச் சொன்னதுதான் அந்த ஆண்டின் மிக நல்ல வினா. ஆனாலும் பியூரெட்டைக் கையில் பிடிக்காமலே தேறிவிட்டார்களே என்று மனசு கேட்கவில்லை. திறந்ததும் இரண்டு வாரம் ஆய்வகத்திலேயே உட்காரவைத்தோம். அதற்கும் நீங்கள்தான் வந்தீர்கள்.

கேட்ட அத்தியாயங்களை ஸ்கேன் செய்து அனுப்பிய நூலகருக்கும், அபராதமே கேட்காததற்கும் நன்றி.

இரவுக் காவலர் ஐயா, ஆய்வக உறைபெட்டியின் வெப்பநிலையை நாள்தோறும் நீங்கள் குறித்துவைத்த நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. யாரும் உங்களிடம் சொல்லவில்லை, நீங்களாகச் செய்தது. திருப்பிக் கேட்டால் தருகிறேன். தர மனமில்லை.